ஒரு மார்க் ஓமந்தூரார்

என் செல்லக் கண்ணு மலருக்கு,

தாத்தா எழுதுவது. கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கு வெள்ளிமலை போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நீ போனில் சொன்னதில் பாதி டவர் இல்லாமல் போனது, மீதிப் பாதி உன் ஆயா போனைப் பிடுங்கிக்கொண்டதில் போனது. குளிர் அதிகம், சாப்பாடு பரவாயில்லை, ஆபீஸ் பீரோவுக்குச் சாவி இல்லை என்ற மூன்றும் எனக்குக் காதில் விழுந்தன. ஸ்வெட்டர் வேண்டாம் என்று இங்கே கட்டிலில் போட்டுவிட்டுப் போன கதையை உன் ஆயா ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். பீரோ சாவியை மட்டும் முதலில் பார். மாற்றலாகிப் போனவரிடம் எந்தெந்தப் பதிவேடு இருந்தது, உனக்கு எது எது வந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டாயா? போட்டிருக்கமாட்டாய். உன் அப்பன் புத்தி. இன்றைக்கே உட்கார்ந்து, கையில் உள்ள 'அ' பதிவேடு, அடங்கல், சிட்டா எல்லாவற்றையும் பார்த்து ஒரு பட்டியல் எழுதி, தேதி போட்டு வை.

நீ புறப்பட்ட அன்று ராத்திரி சோறு போடும்போது ஓமந்தூராரைத் தெரியுமா என்று கேட்டேன். '1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், ஓ.பி. ராமசாமி ரெட்டியார்' என்று மடமடவென ஒப்பித்தாய். அப்புறம்? 'அப்புறம் என்ன தாத்தா, அது ஒரு மார்க்' என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். உன் ஆயா சிரித்தாள். அந்த ஒரு மார்க்கை வைத்துத்தான் இந்தக் கடிதம். படிக்க நேரமில்லை என்று சொல்லாதே. மலையில் ஆறு மணிக்கு மேல் உனக்கு என்ன வேலை?

அவர் வேற்றூர்க்காரர் அல்ல. திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூர். நம் கள்ளக்குறிச்சியும் அந்த ஓமந்தூரும் பழைய தென்னாற்காடு ஜில்லாவில் ஒன்றாகக் கிடந்தவை. விழுப்புரம் தனியாகப் போனது 1993-ல்; அதிலிருந்து நாம் பிரிந்தது 2019-ல். 1895 பிப்ரவரி 1-ஆம் தேதி பிறந்தவர். திண்டிவனம் வால்ட்டர் ஸ்கடர் பள்ளிக்கூடத்துப் படிப்பு, அதற்கு மேல் பயிர்ச்செய்கை, காங்கிரஸ், சிறை. வக்கீல்களும் பட்டதாரிகளுமாக நிறைந்திருந்த சபையில் இந்த விவசாயி 1947 மார்ச் 23-ஆம் தேதி மாகாணத்தின் பிரதமராக வந்து உட்கார்ந்தார். அப்போது முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். ஒரிசா எல்லை வரைக்கும் இருந்த பெரிய மாகாணம் அது. ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் அதற்குள் அடக்கம். 1949 ஏப்ரல் 6-ஆம் தேதி இறங்கினார். இரண்டு வருஷமும் சில நாளும்.

அந்த இரண்டு வருஷத்தில் நடந்ததைப் பார். 1947-ல் கோயில் நுழைவுச் சட்டம். அதே வருஷம், பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம்; முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பல வருஷம் பாடுபட்டுக் கேட்டது. அதே வருஷக் கடைசியில் வகுப்புவாரி ஆணையைத் திருத்தி, 14 வேலையிடம் என்றால் அதில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு என்று 2 இடம் தனியாக ஒதுக்கினார்கள். அதற்குமுன் அப்படித் தனி ஒதுக்கீடு கிடையாது. இதற்காகவே 'தாடியில்லாத ராமசாமி' என்று அவரைக் கேலி பேசியவர்கள் உண்டாம். 1948 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. அதே 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம். பாரதியார் எழுத்துகளை அரசு வாங்கிப் பொதுச்சொத்தாக்கும் அறிவிப்பு, அவர் இறங்குவதற்குக் கொஞ்சநாள் முன்னால். இதில் எதற்கும் உன் கேள்வித்தாளில் மார்க் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

சாமி ஆக்கிவிடாதே அவரை. என் அப்பா, உன் கொள்ளுத்தாத்தா, கருப்புச்சட்டைக்காரர். 1948-ல் ஓமந்தூரார் அரசு கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தபோது, தன் சட்டையை மடித்து நெல்லுக் குதிருக்குள் போட்டு மேலே நெல்லைக் கொட்டிவிட்டாராம். அதே வருஷம் பள்ளிக்கூடத்தில் இந்தியைக் கட்டாயமாக்கினார்கள் என்று பெரியார் போராட்டம் நடத்தினார். அப்பா கடைசிவரை அந்த இரண்டையும் மன்னிக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் முதல் பையன் சர்க்கார் வேலைக்குப் போனபோது, 'ரெட்டியார் போட்ட கையெழுத்துடா' என்று அதே வாயால் சொன்னவரும் அவர்தான். ஒரு மனுஷனிடம் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியது இப்படித்தான் என்று எனக்குப் படும். வரவையும் எழுது, பற்றையும் எழுது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அடிக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஜமீன்தாரி ஒழிப்பு 1948. நீ உட்கார்ந்திருக்கிற கல்வராயன் மலையில் ஜாகீர் ஆட்சி போனது எப்போது தெரியுமா? 1976-ல். சடைய கவுண்டன், அரிய கவுண்டன், குறும்ப கவுண்டன் என்று மூன்று ஜாகீர். கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்று சொல்லிக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் வந்தான், போனான், குடியரசு வந்தது, கோட்டையில் ஆறேழு முதலமைச்சர் மாறினார்கள். மலை மேல் மட்டும் உழுகிறவன் ஜாகீருக்குத்தான் ஏர்க்காசு கட்டினான். கோட்டையில் ஓமந்தூரார் காலத்தில் எழுந்த ஒரு எண்ணம், நம் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரிகிற மலைக்கு வந்துசேர 28 வருஷம் ஆனது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

அந்த 1976-ல் நான் தாலுகா ஆபீசில் சின்னக் குமாஸ்தா. மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். தோளில் சாமை மூட்டை, இல்லையென்றால் கடுக்காய், தேன். சந்தையில் அதை விற்றுவிட்டு ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு பெரியவர், காதில் கடுக்கன், இடுப்பில் ஒரு முழத் துண்டு, என் மேஜைக்கு எதிரில் நின்று, 'இனிமே ஏர்க்காசு யாருக்குச் சாமி?' என்று கேட்டார். எனக்குமேல் இருந்தவர் தலை தூக்காமல், 'திங்கக்கிழமை வா' என்றார். அவர் பேரைச் சொல்லவேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெரியவர் அடுத்த திங்கட்கிழமை வந்தார். அதற்கடுத்த திங்களும் வந்தார். அப்போது பஸ் ஏது? விடியும் முன்னே புறப்பட்டு, பரிகம் வழியாக இறங்கி, கச்சிராயபாளையம் தொட்டு நடந்தே வரவேண்டும். திரும்பிப் போக ராத்திரியாகும். ஒரே ஒரு பதில்தான் அவருக்கு வேண்டியிருந்தது. 'யாருக்கும் இல்லை, இனி சர்க்காருக்குத் தீர்வைதான், அளந்து பட்டா கொடுப்பார்கள்.' சொல்ல அரை நிமிஷம் ஆகாது.

ஆகவே கண்ணு, 'அப்புறம் வா', 'சர்வர் வேலை செய்யல', 'இ-சேவையில போய்க் கேளு' என்று சொல்லும்போது எதிரில் நிற்பவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல். சர்வர் நிஜமாகவே வேலை செய்யவில்லையென்றால் மனுவை வாங்கிக்கொண்டு, வாங்கியதற்குச் சீட்டு எழுதிக் கொடு. உன் பேர், தேதி, கையெழுத்து. அந்தச் சீட்டு இருந்தால் அடுத்த தடவை அவர் உன்னிடம் கெஞ்ச வேண்டியதில்லை. உனக்கும் அது ஒரு கடிவாளம்.

மதுவிலக்கு சேதியும் இப்படித்தான். 1948-ல் ஊரெல்லாம் கொண்டாடிய சட்டம், 1971-ல் தளர்த்தி, பிறகு மறுபடி வந்து, மறுபடி போய், இப்போது சர்க்காரே கடை வைத்திருக்கிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. நீ அப்போது இங்கேதான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். கோமுகி ஆற்றோரத்தில் ஒரு சின்னத் தெரு. மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம். 60 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஒரே வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும். உடனே எல்லோரும் மலையைக் கைகாட்டினார்கள், அங்கேதான் ஊறல் போடுகிறார்கள் என்று. மலையில் வெல்லமும் கடுக்காயும் போட்டுக் காய்ச்சுவது உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மெத்தனால் ஆலைச் சரக்கு. அது மலைச்சரிவில் விளைவதில்லை. அதற்கப்புறம் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்து, கல்வராயன் மலையில் ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டது. கேட்கச் சாவு விழவேண்டியிருந்தது. நீ போகிற கிராமத்தில் யாரையும் சாராயக்காரர் என்ற நினைப்போடு பார்க்காதே. போலீஸ்காரர் பார்வை போலீஸ்காரரோடு இருக்கட்டும். உன்னிடம் வருகிறவருக்கு வேண்டியது வருமானச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைக்குச் சாதிச் சான்று.

சாதிச் சான்று என்றதும் ஞாபகம் வருகிறது. பழங்குடிச் சான்று கொடுப்பவர் கோட்டாட்சியர்தான், நீ இல்லை. ஆனால் முதல் விசாரணை உன் காகிதத்தில் தொடங்கும். பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் பழைய ஜில்லா பேர்கள்தான் இருக்கும்: தருமபுரி, வடாற்காடு, சேலம், தென்னாற்காடு என்று. கள்ளக்குறிச்சி என்று தேடிப்பார்த்து, இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாதே. சிரிக்காதே, நடக்கும். நம் மாவட்டம் தென்னாற்காட்டின் பேத்தி, உன்னைப்போல.

ஓமந்தூரார் ஏன் இரண்டே வருஷத்தில் இறங்கினார் என்று நீ கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். அவருக்கு எதிர்க்கட்சி தொல்லை பெரிதில்லை, சொந்தக் கட்சிக்காரர்கள்தான். காங்கிரசுக்குள் கோஷ்டி. எம்.எல்.ஏ.க்கள் சிபாரிசோடு வருவார்கள். இந்த அதிகாரியை மாற்று, அந்தக் காண்டிராக்டை இவனுக்குக் கொடு என்று. நிர்வாகத்தில் கட்சிக்காரர் கைவைக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். பிடிவாதம் என்றுதான் சொல்கிறேன். மனுஷரை அனுசரித்துப் போகத் தெரியாதவர் என்று அப்போதும் சொன்னார்கள், அதிலும் கொஞ்சம் நிஜம் இருக்கும். 1949-ல் கட்சிக்குள் ஆதரவு போனது, பி.எஸ். குமாரசாமி ராஜா அடுத்து வந்தார். ரெட்டியார் நேரே வடலூருக்குப் போனார். வள்ளலார் பக்தர். அங்கே சுத்த சன்மார்க்க நிலையம், பள்ளிக்கூடம், திக்கற்ற பிள்ளைகளுக்கு இடம் என்று அதிலேயே மிச்சக் காலத்தைக் கழித்து, 1970 ஆகஸ்ட் 25-ல் காலமானார். நான் சின்னப்பையனாக ஒரு தைப்பூசத்துக்கு வடலூர் போயிருக்கிறேன். 'பழைய முதலமைச்சர் இங்கதான் இருக்கார், பார்த்துடலாம்' என்று என் ஆத்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்றவர் முதுகைத்தான் பார்த்தேன். ஜோதியும் தெரியவில்லை, முதலமைச்சரும் தெரியவில்லை. அன்னதானத்தில் சாம்பார் சாதம் நன்றாக இருந்தது.

நாற்காலியை விட்டு எழுந்திருப்பது லேசு என்று நினைக்காதே. கயானா என்று ஒரு நாடு. தென்னமெரிக்காவின் வடக்குக் கரையில் இருந்தாலும் கரீபியன் நாடுகளோடு சேர்த்துத்தான் எண்ணுவார்கள். கரும்பு வெட்ட நம் பக்கத்து ஜனங்களும் மதராசிலிருந்து கப்பலேறிப் போன இடம். கச்சிராயபாளையம் மில்லுக்குக் கரும்பு வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதே வேலை, கடல் தாண்டி. அங்கே 2015-ல் பிரதமரானவர் பேர் மோசஸ் வீராசாமி நாகமுத்து. தமிழ் வம்சாவளி. வாத்தியாராக இருந்து, பத்திரிகைக்காரராகி, வக்கீலாகி வந்தவர். படித்தபோது எனக்கு ஒரே பெருமை, உன் ஆயாவைக் கூப்பிட்டு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். 2018 டிசம்பரில் அவர்கள் கூட்டணி அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றது, 33-க்கு 32; தங்கள் பக்கத்து உறுப்பினர் ஒருவரே மாற்றிப் போட்டார். மூன்று மாதத்தில் தேர்தல் வைக்கவேண்டும் என்பது அந்த நாட்டு அரசியல் சட்டம். 33 என்பது 65-ல் பெரும்பான்மைதானா என்று கோர்ட்டுக்குப் போனார்கள். தேர்தல் வந்தது 2020 மார்ச்சில். ஓட்டு எண்ணிய தகராறு இன்னும் ஐந்து மாதம் ஓடி, ஆகஸ்டில்தான் அரசு மாறியது. இத்தனைக்கும் நாகமுத்து ஒருத்தரைக் குறை சொல்லக் கூடாது, அது ஒரு கூட்டணியின் கதை. ஆனால் இளவயதிலிருந்து ஒரே கட்சியில் உழைத்து, அதை விட்டு வெளியே வந்து, நேர்மை பேசி ஜெயித்தவருக்கே அந்தக் கடைசி ஒன்றரை வருஷம் என்னவோ போல ஒட்டிக்கொண்டுவிட்டது. ரெட்டியாருக்கு வடலூர் இருந்தது. அது பெரிய விஷயம். போவதற்கு ஒரு இடம், செய்வதற்கு வேறொரு வேலை இருக்கிறவனுக்கு எழுந்திருப்பது கஷ்டமில்லை.

உனக்கு அது என்ன என்று இப்போதே யோசித்து வை. பாட்டு கற்றுக்கொண்டிருந்தாயே, அதை ஏன் விட்டாய்? ஆர்மோனியம் இங்கே தூசி தின்கிறது. மலைக்கு வேண்டுமானால் கொடுத்துவிடுகிறேன், பஸ்சில் ஏற்றுவது என் பாடு.

சென்னையில் ஓமந்தூரார் பேரில் தோட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே சட்டமன்றத்துக்கென்று ஒரு கட்டடம் கட்டி 2010-ல் திறந்தார்கள். 2014-லிருந்து அது ஆஸ்பத்திரி. உன் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அங்கேதான் பார்த்தோம். வார்டில் படுத்திருந்த யாருக்கும் ஓமந்தூரார் யார் என்று தெரியாது. 'ஓமந்தூரார்ல காட்டுனேன், சரியாயிடுச்சு' என்று மட்டும் சொல்வார்கள். உன் ஒரு மார்க்கை விட அது மேல் என்று நான் நினைக்கிறேன்.

நீ போனில் சொன்ன அந்தக் கிழவி விஷயம். காட்டோரத்து நிலம், மூன்று தலைமுறையாக மரவள்ளியும் கேழ்வரகும் போடுகிறாள், காகிதம் எதுவும் இல்லை, என்ன செய்வது என்று கேட்டாய். நான் அன்றிரவே பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவத்தில் இருந்தால் கேட்கலாம், 4 ஹெக்டேர் வரை. மனு கிராம சபைக்குப் போகவேண்டும், அங்கிருந்து வன உரிமைக் குழு பார்க்கும், பிறகு கோட்ட அளவில், பிறகு மாவட்ட அளவில். காகிதம் இல்லை என்பதால் மனு செத்துவிடாது. மலையில் எவனிடம் காகிதம் இருக்கும், 1976 வரை ஜாகீர்தானே? அதனால்தான் விதியிலேயே இருக்கிறது: ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் எடுத்தால் அதுவும் சாட்சியம். மனு கொடுத்தவள் சொன்னது ஆகாது, வேறு பெரியவர்கள் சொல்லவேண்டும். பழைய கல் எல்லை, கிணறு, சமாதி, அவள் மாமனார் வைத்த புளியமரம் இதெல்லாமும் சாட்சிதான்.

இதை நீ செய்யவேண்டும் என்று சட்டம் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, குழுவின் வேலை. ஆனால் குழுவில் எழுதத் தெரிந்தவர் யார்? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலை இல்லை என்றேனே, ஒரு நோட்டோடு அந்தப் பெரியவர்கள் திண்ணையில் போய் உட்கார். அவர்கள் சொல்கிறபடி எழுது, நீ திருத்தாதே. 'எங்கப்பன் காலத்துல பஞ்சம் வந்த வருஷம்' என்றால் அப்படியே எழுது. எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டு. அப்புறம் ரேகை வாங்கு. எண்பது வயசுக்காரர்கள், நாளைக்கு இருப்பார்களோ என்னவோ. அவர்கள் போனால் அந்தக் கிழவியின் பத்திரமும் போயிற்று. டீ கொடுத்தால் குடி, ஊராரிடம் குடிக்கலாம். மரம் வெட்டுகிறவர், கல் உடைக்கிறவர் கொடுத்தால் இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லிவிடு. அது பொய் ஆகாது. நீ எப்போதும் இப்போதுதான் குடித்திருப்பாய்.

இன்னொன்று, சம்பளம் வந்த உடனே உன் தம்பிக்கு வண்டி வாங்கித் தருகிறேன் என்று சொன்னாயாமே. தவணை எவ்வளவு என்று எனக்கு எழுது. கையில் மிச்சம் இல்லாத உத்தியோகஸ்தருக்கு டீ கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். முதல் ஆறு மாதம் யாருக்கும் எதுவும் வாங்காதே, உன் ஆயாவுக்கும் கூட. அவளிடம் நான் இப்படி எழுதினேன் என்று சொல்லாதே.

சனிக்கிழமை காலை பஸ்சில் கண்டக்டரிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். ஸ்வெட்டர், கேழ்வரகு மாவு, எள்ளுருண்டை, பீரோவுக்கு ஒரு நல்ல பூட்டு, இரண்டு நீள நோட்டு. கோடு போட்ட நோட்டுதான். ஜமாபந்திக்குள் அந்தக் கிழவியின் மனு எந்த இடத்தில் நிற்கிறது என்று எனக்கு எழுது. போனில் வேண்டாம், டவர் போய்விடும்.

உன் தாத்தா